மின்வெட்டுக் குழுவின் டிரம்மர்

மழை பிடித்துக்கொண்டால் மெத்தைப் பட்டறை நோயாளி வீடு மாதிரி ஆகிவிடும். பஞ்சு ஈரத்தைக் குடித்துக் கட்டிக்கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். எவ்வளவு அடித்தாலும் பொங்காது. உறைத்துணியில் பூஞ்சை வாடை ஏறும். அந்த வாரம் முழுக்க அக்கா தரையில் ஃபேனைப் படுக்கப் போட்டு, பஞ்சைப் பரப்பி, புரட்டிப் புரட்டி விட்டுக்கொண்டிருந்தாள். நான் அவளுடைய லோடு வண்டியை ஓட்டுகிறவன். தைத்த மெத்தைகளை வீடுகளில் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. தார்ப்பாய் போட்டாலும் ஓரம் நனையும் என்பதால் வண்டி வாசலிலேயே நின்றது. சும்மா இருக்க மனசு வராமல் நானும் பஞ்சு புரட்டினேன்.

அக்காவின் புருஷன், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ஜன்னலோரம் உட்கார்ந்து பொத்தான் கட்டிக்கொண்டிருந்தார். வலது காலை ஒரு முக்காலி மேல் நீட்டிக்கொண்டால்தான் அவரால் உட்கார முடியும். முழ நீள ஊசியை மெத்தையில் இந்தப் பக்கம் குத்தி, அந்தப் பக்கம் வாங்கி, சணல் நூலைச் சுண்டி இழுத்து முடிச்சுப் போடுவார். உள்ளே பஞ்சு நகராமல் பிடித்துவைப்பது அந்த முடிச்சுதான். இளவயதில் ஒரு ஹோட்டலில் டிரம்ஸ் வாசித்தவர், மேடையிலிருந்து விழுந்து இடுப்பு போய்விட்டது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர்கள் மகள், அன்று குடையை மடக்கக்கூட இல்லாமல் உள்ளே வந்தாள்.

"அப்பா, இது நீதானே?"

போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு மேடை. மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட மூன்று பேர் கிட்டாரும் மைக்குமாக முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். பின்னால் உயரத்தில், தோள் வரை முடி வைத்த ஒருத்தர் டிரம்ஸை அடி அடியென்று அடித்தார். திடீரென்று அவர் உட்கார்ந்திருந்த மேசைகள் விலகின. டிரம்ஸோடு சேர்ந்து மல்லாக்க விழுந்து காணாமல் போனார். முன்னால் நின்ற மூன்று பேரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாடிக்கொண்டே இருந்தார்கள். அதோடு படம் முடிந்து மறுபடி முதலிலிருந்து ஓடியது. மறுபடி விழுந்தார்.

"கடைல கூட வேலை பாக்குற பொண்ணு காட்டினா. எல்லார் போன்லயும் இது இருக்காம்பா. பாத்துப் பாத்துச் சிரிக்கிறாங்க. எனக்கு மூஞ்சியப் பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு."

அண்ணன் கழுத்தைச் சாய்த்து வெகுநேரம் பார்த்தார். "எவ்வளவு முடி இருந்துருக்கு பாரு," என்றார்.

அக்காவும் பார்த்தாள். ஒரே ஒரு முறைதான். பிறகு கம்பை எடுத்து ஈரப் பஞ்சை அடிக்க ஆரம்பித்தாள். அது அடித்துப் பொங்கும் பஞ்சு இல்லை என்று எங்கள் எல்லாருக்குமே தெரியும்.

அன்றைக்குத்தான் கதை முழுசாக வெளியே வந்தது. போனில் பார்த்தது ஒரு பழைய சினிமாவின் கடைசிக் காட்சி. படத்தின் பேர் 'நாலு பேர் ஒரு வேன்'. 'மின்வெட்டு' என்று ஒரு ராக் இசைக் குழு. நிஜத்தில் அப்படி ஒரு குழு கிடையாது, படத்துக்காகக் கட்டிவிட்டது. தங்களை விட்டால் ஆளில்லை என்று நினைத்துக்கொண்டு நாலு பேர் ஊர் ஊராக வேனில் போவார்கள். எந்த ஊரிலும் யாரும் கேட்க வரமாட்டார்கள். ஒரு ஊரில் மண்டபம் மாறிப்போய்ப் பல் டாக்டர்கள் கூட்டத்தில் ஏறி வாசித்துவிடுவார்கள். இன்னொரு ஊரில் முழுப் பாட்டும் பாடி முடித்த பிறகுதான் மைக்கே போடவில்லை என்று தெரியும். பாடினவனுக்கும் தெரிந்திருக்காது. கடைசி நிகழ்ச்சிக்கு வந்திருப்பது ஒரே ஒரு ஆள், மண்டபத்தைப் பூட்டக் காத்திருக்கும் வாட்ச்மேன்.

நடிக்க வந்தவர்களில் யாருக்கும் டிரம்ஸ் வாசிக்கத் தெரியாததால் ஹோட்டலிலிருந்து அண்ணனைக் கூட்டிப்போனார்கள். கடைசிப் பாட்டை எடுக்கும்போது இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அவரை மேலே உட்கார வைத்தார்கள். அவர் அடித்த அடியில் மேசைகள் விலகின. பின்னால் சிமெண்டுப் படி. ஸ்பீக்கர் சத்தத்தில் முன்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அண்ணன் சொந்தப் புத்தியில் ஏதோ செய்கிறார் என்று நினைத்து டைரக்டர் கேமராவை நிறுத்தச் சொல்லவில்லை. பாட்டு முடிந்து, சத்தம் அடங்கின பிறகு, டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து "அம்மா" என்று மெதுவாக ஒரு குரல் வந்தது. அதையும் அப்படியே படத்தில் வைத்துவிட்டார்கள். படத்தின் கடைசி வார்த்தையே அதுதான்.

"கை ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சு," என்றாள் அக்கா மகளிடம். "பெடலை மிதிக்கிற கால்தான் போச்சு. அப்ப நீ என் வயித்துல இருந்தே. அந்த டைரக்டர் ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தாரு. படம் ஒரு வாரம்கூட ஓடல. அதுக்கப்புறம் அவரும் வரல, படமும் வரல. நான் மெத்தை தைக்கக் கத்துக்கிட்டேன்."

படம் வந்தது, இருபத்தைந்து வருஷம் கழித்து. டைரக்டரும் வந்தார்.

மழை விட்ட ஒரு நாள், குட்டை முடி வெட்டிய ஒரு பெண்ணோடு பட்டறை வாசலில் வந்து நின்றார். வற்றிப்போன ஆள், சட்டை மட்டும் புதுசு. உள்ளே வந்து நேராக ஒரு புது மெத்தை மேல் உட்காரப் போனார்.

"அது கஸ்டமருது," என்றாள் அக்கா. "இப்படி பெஞ்சுல உக்காருங்க."

பேசினதெல்லாம் அந்தப் பெண்தான். அவள் ஒரு பழைய தியேட்டரை வாடகைக்கு எடுத்து, பழைய படங்களைக் காலைக் காட்சியாக ஓட்டுகிறவள். ராத்திரி வேலை முடிந்து வருகிறவர்கள் குறைந்த காசுக்கு டிக்கெட் எடுத்து ஏசியில் தூங்குவார்களாம். கைக்குக் கிடைத்த படத்தைப் போடுவாளாம். அப்படித்தான் ஒரு நாள் இந்தப் படம்.

"தூங்க வந்தவங்கதான் முதல்ல பாத்தது. பாதி தூக்கத்துல முழிச்சு, சிரிச்சு, பக்கத்துல இருக்கறவங்களையும் எழுப்பி விட்டாங்க. அடுத்த வாரம் அதையே போடச் சொன்னாங்க. அதுக்கடுத்த வாரம் பிரெண்ட்ஸைக் கூட்டிட்டு வந்தாங்க. அப்புறம் வசனத்தையெல்லாம் கூடவே சொல்ல ஆரம்பிச்சாங்க. மஞ்சள் மழைக்கோட்டு மாட்டிட்டு வந்தாங்க. இப்போ சனிக்கிழமை சனிக்கிழமை இந்தப் படம் மட்டும்தான் போடறேன். டிக்கெட் கிடைக்காம திரும்பிப் போறாங்க." அண்ணனைப் பார்த்து அவள் குரல் இறங்கியது. "எங்கப்பா செத்துப்போன வருஷம் எனக்கு எதுவுமே பிடிக்காம இருந்துச்சு சார். இந்தப் படத்தைப் பாத்துத்தான் முதல் தடவையா சிரிச்சேன். நீங்க விழுந்தப்போ. உங்களை எங்கெல்லாம் தேடினோம் தெரியுமா? ஒரு தடவை வந்து மேடையில ஏறினா போதும்."

பொய் பேசுகிற பெண்ணாகத் தெரியவில்லை. அண்ணன் ஊசியைக் கீழே வைத்துவிட்டார். அவரை யாரும் சார் என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அவள் போன் பேச வெளியே போனதும் டைரக்டர் பெஞ்சை முன்னால் நகர்த்திக்கொண்டார்.

"தம்பி, ஒரு விஷயம். பேட்டியில எல்லாம் கேக்கறாங்க, அந்த விழற சீனை எப்படி எடுத்தீங்கன்னு. திட்டம் போட்டு, ஒத்திகை பாத்து எடுத்தோம்னு சொல்லிட்டேன். நீ அதை மறுத்துடாதே."

"ஏன் அப்படிச் சொன்னீங்க?" அக்கா கேட்டாள்.

"நெஜமா அடிபட்டதுன்னு தெரிஞ்சா எவன்மா சிரிப்பான்? சிரிக்கலைன்னா படம் செத்துப் போயிடும். அதுக்கப்புறம் எனக்கு இன்னொரு படமே யாரும் குடுக்கல. என் ஆயுசுக்கும் இது ஒண்ணுதான்." அண்ணன் பக்கம் திரும்பினார். "உன் ஆயுசுக்கும்தான் தம்பி."

அவர்கள் போன பிறகு அக்கா ரொட்டியும் முட்டையும் வைத்தாள். மகள் தட்டைக் கையில் எடுக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்பா போக வேண்டும். முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"போகப் போறீங்களா?" என்றாள் அக்கா.

"போனா என்ன?"

"உங்க இடுப்பு ஒடைஞ்சதைப் பாத்துச் சிரிக்கிறாங்க. அதைப் போய்ப் பாக்கணுமா?"

"இடுப்பு ஒடைஞ்சது அவங்களுக்கு எப்படித் தெரியும்? நான் விழுந்ததைப் பாத்துச் சிரிக்கிறாங்க."

"ரெண்டும் வேறயா?"

அண்ணன் முட்டையைப் பிட்டுப் பிட்டுத் தட்டிலேயே வைத்தார். "இத்தனை வருஷத்துல என்னை யாரு தேடினா, சொல்லு. ஹோட்டல்ல கூட வாசிச்சவன் ஒருத்தன் வந்தானா? இந்த ஜன்னல் வழியா எத்தனை பேர் போறாங்க. ஒருத்தன் நின்னு பாத்தானா? சிரிச்சாத்தான் என்ன? சிரிக்கறதுக்காவது பாக்கணும்ல."

அக்கா தண்ணீர் குடித்தாள். இந்தப் பட்டறையைத் தூக்கி நிறுத்தினவள், இத்தனை வருஷமும் அவரைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். அது அவர் கணக்கில் வரவில்லை என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"சரி, போங்க. நானும் வரேன். ஆனா அந்த ஆள் சொல்லிக் குடுத்ததைச் சொல்லக் கூடாது. கேட்டா, நடந்ததைச் சொல்லணும். நடந்தது நடந்தபடி."

"சொல்றேன்," என்றார் அண்ணன்.

சனிக்கிழமை என் வண்டியில்தான் போனோம். பின்னால் பழைய மெத்தை ஒன்றைப் போட்டு அண்ணனைக் காலை நீட்டி உட்கார வைத்தோம். நல்ல வெயில். தியேட்டர் வாசலில் கும்பல் கும்பலாக மஞ்சள் மழைக்கோட்டு. வேர்த்து ஒழுகிக்கொண்டு, ஆணும் பெண்ணுமாக, பல பேர் ராத்திரி வேலையின் சிவந்த கண்ணோடு. அண்ணன் வண்டியிலிருந்து இறங்கி ஊன்றுகோலை ஊன்றினதும் ஒருத்தன் அடையாளம் கண்டுகொண்டான். வழி விட்டார்கள். அக்கா பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். அவள் யாரென்று யாரும் கேட்கவில்லை.

படம் நன்றாகவே இருந்தது. அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். திரையில் வசனம் வரும் முன்னாலேயே கூட்டம் சொன்னது. பல் டாக்டர்கள் கூட்டத்தில், பாட்டு முடிந்ததும் ஒரு டாக்டர் எழுந்து பாடகனின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பார். அந்த இடத்தில் அக்கா சிரித்துவிட்டாள். உடனே வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

கடைசிப் பாட்டு வந்தது. அரங்கு முழுக்க எழுந்து நின்றது. மேசைகள் விலக ஆரம்பித்ததும் எல்லோரும் ஒரே குரலில், "திரும்பாதே, திரும்பாதே" என்று அந்த மூன்று பேரைப் பார்த்துக் கத்தினார்கள். அவர் விழுந்தார். அவர்களும் மல்லாக்கத் தங்கள் சீட்டுகளில் விழுந்தார்கள். மொத்தத் தியேட்டரும் அதிர்ந்தது. பாட்டு முடிந்தது. ஒரு நொடி அமைதி. எல்லோரும் மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது தெரிந்தது.

"அம்மா."

அத்தனை பேரும் சேர்ந்து சொன்னார்கள். மெதுவாக, அவர் சொன்ன மாதிரியே, அதே இழுப்போடு. அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. நான் அக்கா பக்கம் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் வரவில்லை. மகள் குனிந்து செருப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

மேடையில் நாற்காலி போட்டிருந்தார்கள். அண்ணன் உட்காரவில்லை. ஊன்றுகோலில் சாய்ந்து நின்றார். கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. பக்கத்தில் டைரக்டர் சிரித்த முகத்தோடு நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து மைக்கை வாங்கினாள்.

"சார், அந்த விழற சீனுக்கு எத்தனை தடவை ஒத்திகை பாத்தீங்க?"

அண்ணன் டைரக்டரைப் பார்த்தார். பிறகு இருட்டில் அக்கா உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஒத்திகை எல்லாம் இல்லம்மா. ஒரே தடவைதான் விழுந்தேன்." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. தரையைப் பார்த்தார். பிறகு சொன்னார், "இன்னும் எந்திரிக்கல."

யாரோ ஒருத்தன் முன்வரிசையில் களுக்கென்று சிரித்தான். அவ்வளவுதான். தீப்பிடித்த மாதிரி அரங்கம் சிரித்தது. சீட்டைத் தட்டிச் சிரித்தார்கள். அவர் குழம்பிப்போய் ஊன்றுகோலைத் தூக்கிக் காட்டினார், நிஜம்தான் என்பது மாதிரி. அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. படத்தில் வரும் ஆட்கள் எல்லாமே அப்படித்தான் சிரிக்காமல் பேசுவார்கள். இவரும் அப்படியே பேசுகிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். டைரக்டர் உயிர் வந்தவராக அண்ணனைக் கட்டிப்பிடித்தார்.

அப்போது அண்ணனின் முகத்தைப் பார்த்தேன். முதலில் அடிபட்ட மாதிரி இருந்தது. அப்புறம் மெல்ல மெல்ல வேறு ஏதோ ஒன்று அதில் ஏறியது. கன்னம் உப்பி, கண் விரிந்து, இருபது வயசுக்காரன் மாதிரி.

வெளியே வந்ததும் குட்டை முடிக்காரப் பெண் சிரித்துக்கொண்டே அக்காவிடம் ஓடிவந்தாள். "அக்கா, சார் பின்னிட்டாரு."

"அவரு சொன்னது நெஜம்," என்றாள் அக்கா.

"என்னக்கா?"

"ஒத்திகை இல்ல. விழுந்தாரு. இடுப்பு ஒடைஞ்சுது. நீங்க எல்லாரும் சொன்னீங்களே அம்மான்னு, அது அவரு வலியில கூப்பிட்டது."

அந்தப் பெண்ணின் முகத்திலிருந்த சிரிப்பு போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் கிடந்தது. "எனக்குத் தெரியாதுக்கா," என்றாள். அழுதேவிட்டாள். இனிமேல் இந்தப் படத்தைப் போடமாட்டேன் என்றாள். அக்கா அவள் தோளைத் தட்டிக் கொடுத்தாள்.

சொன்னபடி அந்தப் பெண் அடுத்த வாரம் வேறு படம் போட்டாள். போன் செய்தது அண்ணன்தான். நான் பக்கத்தில் மெத்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

"ஏம்மா நிறுத்தினே? என் வீட்டுக்காரி சொன்னதை மனசுல வச்சுக்காதே. எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நானே வரேன். எந்தச் சனிக்கிழமைன்னு சொல்லு."

ஜன்னல் வழியாக அக்காவைப் பார்த்தேன். வாசலில் பஞ்சை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தாள். காது கேட்காத மாதிரி விரித்தாள்.

அப்புறம் அது வழக்கமாகிவிட்டது. வேறு ஊர்த் தியேட்டர்களும் கூப்பிட்டன. அவர் சொன்ன வரியைப் பனியனில் அச்சடித்து விற்றார்கள். பட்டறை ஜன்னலில் ஆட்கள் நின்று படம் பிடித்தார்கள். மகளுக்கு முதலில் இருந்த குஷி அந்தச் சனிக்கிழமையோடு போயிருந்தது. கடையில் யாரோ, அவர் உங்கப்பாவா என்று கேட்டதற்கு, இல்லை, எங்கள் தெருக்காரர் என்று சொல்லிவிட்டதாக என்னிடம் சொன்னாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அக்கா இரண்டாம் முறை வரவில்லை. நான்தான் கூட்டிப்போவேன். வண்டியில் அவர் பேச்செல்லாம் அதைப் பற்றியே.

"'விழுந்தேன்'னு சொன்னதும் உடனே அடுத்ததைச் சொல்லிடக் கூடாதுடா. நிறுத்தணும். கீழ பாக்கணும். இவனுக்காக வருத்தப்படறதா வேண்டாமான்னு அவங்க யோசிப்பாங்க பாரு, அந்த நேரம். அப்போ அடிக்கணும். டிரம்ஸும் அப்படித்தான். அடிக்கறது பெருசில்ல, அடிக்காம நிக்கறதுதான்."

வீட்டிலும் முணுமுணுத்துப் பார்ப்பார். அக்கா உறைக்குத் துணி வெட்டிக்கொண்டிருக்கும்போது தடுப்புத் திரைச்சீலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்கும். ஒரே தடவைதான் விழுந்தேன். நிறுத்தம். கத்தரிக்கோலோடு அக்காவின் கையும் நிற்கும். இன்னும் எந்திரிக்கல. மறுபடி வெட்ட ஆரம்பிப்பாள்.

மேடைப் படிகளும் வண்டிக் குலுக்கலும் சும்மா விடுமா. குளிர் தொடங்கினபோது நல்ல காலுக்கும் வலி இறங்கியது. ஒரு நாள் விடியற்காலையில் முக்காலியிலிருந்து காலை இறக்கவே முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நானும் அக்காவும் தூக்கி வண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம்.

டாக்டர் சின்ன வயசுக்காரர்தான். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் மாட்டி, பேனா முனையால் இடுப்பெலும்பைச் சுற்றிக் காட்டினார். "இது ரொம்பப் பழைய அடி. எப்படி ஆச்சு?"

அண்ணன் கட்டிலில் சாய்ந்திருந்தவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். அந்த நிமிர்வை நான் மேடையில் பார்த்திருக்கிறேன். அக்கா பார்த்ததில்லை.

"ஒரே தடவைதான் விழுந்தேன் டாக்டர்."

நிறுத்தினார். தரையைப் பார்த்தார். எண்ணினது போலச் சரியாக அவ்வளவு நேரம்.

"இன்னும் எந்திரிக்கல."

டாக்டர் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினார். "எந்த வருஷம்?" என்று கேட்டார். வருஷத்தை அக்காதான் சொன்னாள். டாக்டர் அண்ணனின் பாதத்தைப் பிடித்து மெல்லத் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப வலியைத் தாங்கியிருக்கீங்க," என்றார். இனிமேல் படி ஏறக் கூடாது, நெடுநேரம் நிற்கக் கூடாது, வண்டியில் தூரம் போகக் கூடாது, இல்லையென்றால் இருக்கிற நடையும் போய்விடும் என்றார். அக்கா ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்றாள். அண்ணன் டாக்டரின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னது எதுவும் அவர் காதில் ஏறின மாதிரி இல்லை.

திரும்பும்போது அக்காவும் பின்னால் அவர் பக்கத்திலேயே மெத்தையில் உட்கார்ந்துகொண்டாள். குளிர்காற்று அடித்தது. தன் சால்வையை அவர் காலில் போர்த்தினாள். நான் மெதுவாக ஓட்டினேன். அவர்கள் பேசுவது எனக்கு நன்றாகவே கேட்டது.

"மேடையில சேர் போட்டுத்தானே வைக்கறாங்க," என்றார் அண்ணன். "உக்காந்தே சொல்லிடுவேன்."

அக்கா சால்வையை இழுத்து அவர் கால் விரல்களையும் மூடினாள். கொஞ்ச தூரம் போன பிறகு அவரே மறுபடி ஆரம்பித்தார். குரல் இறங்கியிருந்தது.

"அந்த டாக்டர் ஏன் சிரிக்கல? நடுவுல கொஞ்சம் அவசரப்பட்டுட்டேனோ?"

வண்டியை ஓரம் கட்டலாமா என்று நினைத்தேன். ஒரு லாரி எங்களைத் தாண்டிப் போகும் வரை அக்கா காத்திருந்தாள்.

"இல்லங்க," என்றாள். "நல்லாத்தான் சொன்னீங்க. அவருக்குத்தான் சிரிக்கத் தெரியல."